பத்துக்குப் பத்து அறையில் நிலவின் இருண்ட பக்கம்

பெங்களூரு நீலசந்திராவில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். பல இடங்களில் அதுவும் பொதுச்சுவர். ஆஸ்டின் டவுன், விவேக்நகர், ஈஜிபுரா என்று சுற்றிலும் தமிழ் தாராளமாகப் புழங்கும் பகுதிகள். ஹாலில் அம்மாவுக்கு இளையராஜா, மாடி அறையில் பையனுக்கு ராக் என்று ஒரே வீட்டில் இரண்டும் ஓடுவது இங்கே அதிசயமில்லை. கண்டோன்மென்ட் காலத்திலிருந்தே ஆங்கிலப் பாட்டு இந்த ஊருக்குப் பழக்கம். பிங்க் ஃபிளாய்ட் குழுவின் ரோஜர் வாட்டர்ஸ் 2002-லும், ரோலிங் ஸ்டோன்ஸ் 2003-லும், அயர்ன் மெய்டன் 2007-லும் அரண்மனை மைதானத்தில் வாசித்துவிட்டுப் போனார்கள்.

அந்த மாடி அறையை எடுத்துக்கொள்வோம். பத்தடிக்குப் பத்தடி. எஸ்.பி. ரோட்டில் பேரம் பேசி வாங்கிய ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர். அதில் பிங்க் ஃபிளாய்டின் ‘தி டார்க் சைடு ஆஃப் தி மூன்’ ஆல்பத்தின் சுற்றொலி வடிவம் ஓடுகிறது. 1973-இல் வெளியான அந்த ஆல்பத்தில் ‘டைம்’ என்ற பாடல் கடிகாரச் சத்தத்தில் தொடங்கும். சாதாரண ஸ்டீரியோவில் அந்தக் கடிகாரங்கள் எதிரே உள்ள இரண்டு ஸ்பீக்கர்களுக்கு இடையில் வரிசையாக அடிக்கும். சுற்றொலியில் அவை ஆளைச் சூழ்ந்துகொண்டு அடிக்கின்றன. சில கடிகாரங்கள் ஸ்பீக்கரே இல்லாத இடத்திலிருந்து ஒலிக்கின்றன. அங்கே வெறும் சுவர். அதில் கடிகாரத்தை மாட்டியது யார்?

கேட்பவரின் மூளைதான். ஆனால் மூளைக்கு அந்த வேலையைக் கொடுக்க ஒருவர் ஐம்பது வருடம் பழைய ஒலிநாடாக்களைத் தேடி எடுத்து, ஒவ்வொரு சத்தத்துக்கும் புதிதாக இடம் குறிக்க வேண்டியிருந்தது. காது செய்யும் கணக்கு, நாடா தரும் கச்சாப்பொருள் இரண்டும் சேர்ந்தால்தான் சுற்றொலி.

இரண்டு காது, ஒரு கணக்கு

கண்ணை மூடிக்கொண்டு தெருவில் நின்றாலும் ஆட்டோ எந்தப் பக்கம் ஹாரன் அடிக்கிறது என்று சொல்லிவிடுகிறோம். காதுக்குள் திசை காட்டும் உறுப்பு எதுவும் கிடையாது. செவிப்பறைக்கு வருவது காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கம் மட்டும். திசை என்பது இரண்டு காதுகளுக்கு வந்த செய்திகளை ஒப்பிட்டு மூளை போடும் கணக்கு.

முதல் துப்பு நேரம். 25 பாகை வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 346 மீட்டர் போகும். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருப்பதால் இந்த வேகம் மாறாது. வெப்பநிலை மாறினால்தான் மாறும். வலப்பக்கத்து ஹாரன் வலது காதை முதலில் தொட்டு, தலையைச் சுற்றி இடது காதுக்கு வர ஏறத்தாழ 0.65 மில்லிநொடி கூடுதலாகப் பிடிக்கிறது. நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. நல்ல சூழலில் பத்து மைக்ரோநொடி வேறுபாட்டைக்கூட மனித மூளை பிடித்துவிடுகிறது. அதாவது நொடியில் லட்சத்தில் ஒரு பங்கு. நேர் எதிரே உள்ள ஒலி ஒரே ஒரு பாகை நகர்ந்தாலும் நமக்குத் தெரிவது இதனால்தான்.

இரண்டாவது துப்பு அளவு. கீச்சுக் குரல்களின் அலைநீளம் தலையின் அகலத்தைவிடச் சிறியது. அவற்றால் தலையைச் சுற்றி எளிதில் வளைய முடியாது. எனவே தொலைவிலுள்ள காதுக்குத் தலை நிழல் போடுகிறது. அங்கே சத்தம் குறைகிறது. ஏறத்தாழ 1500 ஹெர்ட்ஸுக்குக் கீழே நேரமும், அதற்கு மேலே அளவும் முக்கியத் துப்பு என்று இயற்பியலாளர் ரேலி பிரபு 1907-இல் விளக்கினார். சில திருத்தங்களோடு இன்றும் பாடப்புத்தகங்களில் நிற்கும் விளக்கம் அது.

இந்த இரண்டும் போதாது. நேர் எதிரே உள்ள ஒலியும், நேர் பின்னாலுள்ள ஒலியும், தலைக்கு மேலுள்ள ஒலியும் இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் வரும். அப்போது உதவுவது காதுமடல். அதன் மேடு பள்ளங்களில் மோதி உள்ளே போகும் ஒலியில், திசையைப் பொறுத்துச் சில அதிர்வெண்கள் கூடும், சில குறையும். பெரும்பாலும் 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் நடக்கும் இந்த நுண்ணிய மாற்றங்களைக் குழந்தைப் பருவம் முதலே மூளை பழகி வைத்திருக்கிறது. அப்படியும் சந்தேகம் வந்தால் தலையைச் சற்றே திருப்புகிறோம். முன்னாலுள்ள ஒலியும் பின்னாலுள்ள ஒலியும் எதிரெதிர்த் திசையில் நகர, குழப்பம் தீர்ந்துவிடுகிறது.

ஸ்பீக்கருக்கு நடுவே ஒரு பாடகர்

ஸ்டீரியோ என்பது இந்தக் கணக்கை ஏமாற்றும் கலை. லண்டன் ஈஎம்ஐ நிறுவனத்தின் பொறியாளர் ஆலன் புளூம்லைன் 1931 டிசம்பரில் இதற்குக் காப்புரிமை கோரினார். சினிமாவில் நடிகர் திரையின் ஒரு ஓரத்துக்கு நடந்து போனாலும் குரல் ஒரே இடத்திலிருந்து வருவது அவருக்கு உறுத்தியது என்பார்கள். அவருடைய முறையில் 1934-இல் ஒரு பெரிய வாத்தியக் குழுவை ஸ்டீரியோவில் பதிவு செய்து பார்த்தார்கள். இடம், ஈஎம்ஐயின் அபே ரோடு ஒலிப்பதிவுக் கூடம். ‘டார்க் சைடு’ பதிவானதும் அதே கூடத்தில்தான்.

இரண்டு ஸ்பீக்கர்களிலும் ஒரே குரலை ஒரே அளவில் விட்டால், குரல் நடுவில் எதுவுமில்லாத இடத்திலிருந்து வருவதாகத் தோன்றும். வலது ஸ்பீக்கரில் சற்றுக் கூட்டினால் பாடகர் வலப்பக்கம் நகர்வார். ஒவ்வொரு காதுக்கும் இரண்டு ஸ்பீக்கர்களின் ஒலியும் வந்து சேர்கிறது. அந்த இரண்டும் கலக்கும்போது, ஸ்பீக்கரில் செய்த அளவு வேறுபாடு காதுகளில் நேர வேறுபாடாக மாறிவிடுகிறது. தாழ்ந்த, நடுத்தர அதிர்வெண்களில் மூளை நம்பும் துப்பு அதுதானே? நம்பிவிடுகிறது.

இந்த ஏமாற்றுக்கு இரண்டு நிபந்தனை உண்டு. முதலாவது, ஸ்பீக்கர்கள் எதிரே, இடமும் வலமுமாக, நடுக்கோட்டிலிருந்து சுமார் 30 பாகை விலகி இருக்க வேண்டும். அகலத்தைக் கூட்டக் கூட்ட நடுவில் ஓட்டை விழும். இரண்டாவது, இரண்டு ஸ்பீக்கரும் கேட்பவரிடமிருந்து சமதூரத்தில் இருக்க வேண்டும். இதை நீலசந்திராக்காரர்கள் ஆடி மாதத்தில் தெருவிலேயே சோதிக்கலாம். அம்மன் கோயில் கூழ் வார்க்கும் நாளில் தெரு நெடுக ஒலிபெருக்கி கட்டியிருப்பார்கள். எல்லாவற்றிலும் ஒரே பாட்டு. ஆனால் நாம் நடக்க நடக்க, பாட்டு அருகிலுள்ள பெருக்கியிலிருந்தே வருவதாகத் தோன்றும். அடுத்ததிலிருந்து சில மில்லிநொடி தாமதித்து வருவதை மூளை தனி ஒலியாகக் கொள்ளாமல் முதலில் வந்ததோடு சேர்த்துவிடுகிறது. ஜெர்மன் ஆய்வாளர் ஹெல்முட் ஹாஸ் 1949-இல் இதை அளந்து காட்டினார். முதலில் வந்தவருக்கே திசை சொந்தம். பத்தடி அறையில் ஓரடி நகர்ந்து உட்கார்ந்தாலே இரண்டு ஸ்பீக்கர்களுக்கு இடையே ஒரு மில்லிநொடிக்கு அருகில் வேறுபாடு வந்துவிடலாம். நடுவில் நின்ற பாடகர் பக்கத்து ஸ்பீக்கருக்குள் போய்விடுவார்.

நான்கு மூலைக் கனவு

ஸ்டீரியோ முன்பக்கத்தை மட்டும் ஆண்டது. அறை முழுவதையும் ஆள முயன்றவர்களில் பிங்க் ஃபிளாய்ட் முந்தியவர்கள். 1967 மே 12 அன்று லண்டன் குயின் எலிசபெத் அரங்கில் நடந்த கச்சேரிக்காக, அபே ரோடு பொறியாளர் பெர்னார்ட் ஸ்பைட் ஒரு பெட்டி செய்து கொடுத்தார். அதிலிருந்த கைப்பிடியை ஆட்டினால் ஒலி அரங்கின் மூலைகளுக்கு இடையே சுழலும். கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட்தான் அதை இயக்கினார். கச்சேரி முடிந்ததும் பெட்டி திருடு போய்விட்டது! அடுத்துச் செய்த பெட்டி இன்று லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எழுபதுகளின் தொடக்கத்தில் இசைத்தட்டு நிறுவனங்களும் நான்கு ஸ்பீக்கர் ஆசையில் இறங்கின. ‘குவாட்ரஃபோனிக்’ என்று பெயர். ‘டார்க் சைடு’ ஆல்பத்தின் பதிவுப் பொறியாளர் ஆலன் பார்சன்ஸ் அதற்கும் நான்கு தட வடிவம் ஒன்றைத் தயாரித்தார். ‘டைம்’ பாடலில் வரும் கடிகாரங்களே, நான்கு ஸ்பீக்கர் முறையைச் செய்து காட்டுவதற்காக அவர் ஒரு பழைய கடிகாரக் கடையில் பதிவு செய்து வைத்திருந்தவைதான். ‘மணி’ பாடலின் தொடக்கத்தில் வரும் கல்லாப்பெட்டி, நாணயம், கிழிபடும் காகிதம் ஆகியவற்றை நாடாத் துண்டுகளாக வெட்டி, அளவுகோல் வைத்து ஒட்டி, வளையமாக ஓடவிட்டார்கள். ஏழு எண்ணிக்கை கொண்ட தாளம். நான்கு ஸ்பீக்கரில் அந்த ஏழு சத்தங்களும் கேட்பவரைச் சுற்றி நடக்கும்.

ஆனால் நான்கு ஸ்பீக்கர் கனவு அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கலைந்தது. நான்கு தடங்களை ஒரு வினைல் தட்டின் இரண்டு பக்கக் குழிச்சுவருக்குள் அடைக்க வேண்டியிருந்தது. சிபிஎஸ் நிறுவனத்தின் முறை நான்கையும் இரண்டாகக் கலந்து பிறகு பிரிக்கப் பார்த்தது. பிரிந்தவை ஒன்றில் ஒன்று கசிந்தன. ஜப்பானின் ஜேவிசி முறை 30,000 ஹெர்ட்ஸில் ஒரு சுமையலையைத் தட்டிலேயே ஏற்றியது. அதைப் படிக்கத் தனி ஊசி வேண்டும், தட்டு தேயத் தேய அலை அழியும். ஒரு முறையின் தட்டை இன்னொரு முறையின் கருவி சரியாகப் படிக்காது.

தொழில்நுட்பச் சண்டைக்கு அடியில் காதின் சண்டை இருந்தது. நான்கு மூலை என்றால் ஸ்பீக்கர்களுக்கு இடையே 90 பாகை. முன்னால் ஓட்டை. பக்கவாட்டில் இன்னும் மோசம்: முன் ஸ்பீக்கரும் பின் ஸ்பீக்கரும் ஒரே காதின் பக்கம் நிற்பதால், இரண்டு காது ஒப்பீடு அங்கே வேலை செய்யாது. நடுவில் நிற்க வேண்டிய கிட்டார் ஒரு ஸ்பீக்கரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும், இடையில் நிற்காது.

பின்னால் வந்த 5.1 முறை இந்தப் பாடத்தைப் படித்து வந்தது. முன்னால் 30 பாகையில் இரண்டு, நேர் எதிரே பாடகருக்கென்று தனியாக ஒன்று, பக்கவாட்டுக்குச் சற்றுப் பின்னால் 110 பாகை வாக்கில் இரண்டு. மீதமுள்ள புள்ளி ஒன்று, 120 ஹெர்ட்ஸுக்குக் கீழேயுள்ள கனத்த ஒலிக்கானது. நடு ஸ்பீக்கர் இருப்பதால் ஓரத்தில் உட்கார்ந்தவருக்கும் பாடகர் நடுவிலேயே நிற்பார்.

அரைத்த மாவும் ஊறிய அரிசியும்

2003-இல், ஆல்பத்தின் முப்பதாம் ஆண்டுக்காக, ஜேம்ஸ் கத்ரி என்ற பொறியாளர் ‘டார்க் சைடு’ ஆல்பத்தின் 5.1 வடிவத்தைச் செய்தார். சூப்பர் ஆடியோ சிடியாக அது வெளிவந்தது. பார்சன்ஸின் பழைய நான்கு தட வடிவமும் 2011-இல் ஒரு சேகரிப்புப் பெட்டியில் அதிகாரபூர்வமாக வெளியானது. இரண்டுக்கும் ரசிகர் பட்டாளம் உண்டு. எது சிறந்தது என்ற வழக்கு இன்னும் முடியவில்லை.

இப்படிப் புதிதாகக் கலக்க, கடையில் விற்ற ஸ்டீரியோ பதிப்பு உதவாது. அது அரைத்த மாவு. அதிலிருந்து அரிசியையும் உளுந்தையும் திரும்பப் பொறுக்க முடியாது. வேண்டியது அரைப்பதற்கு முந்தைய நிலை, அதாவது பல்தட நாடா. ‘டார்க் சைடு’ 1972, 1973-இல் அபே ரோட்டில் பதினாறு தட நாடாவில் பதிவானது. டிரம், பேஸ் கிட்டார், குரல் என்று ஒவ்வொன்றுக்கும் தனித் தடம். பதினாறும் நிரம்பிவிட்டால் சில தடங்களைக் கலந்து இன்னொரு நாடாவுக்கு மாற்றி இடம் உண்டாக்குவார்கள். மாற்றும் ஒவ்வொரு முறையும் நாடாவின் இரைச்சல் ஒரு படி ஏறும். மறுகலவை செய்பவர் அந்த முதல் தலைமுறை நாடாக்களைத் தேடி எடுத்து, கணினியில் ஒன்றோடொன்று பொருத்தினால், 1973-இல் கலந்தவர்களுக்கே கிடைக்காத தெளிவு கிடைத்துவிடும். ரீமிக்ஸில் கிட்டார் கம்பியின் உரசல் புதிதாகக் கேட்பதாக ரசிகர்கள் வியப்பதில் பாதி மனப்பிரமையாக இருக்கலாம். மீதிப் பாதி இதுதான்.

பழைய நாடாவை எடுத்தவுடன் ஓட்டிவிட முடியாது. எழுபதுகள், எண்பதுகளில் செய்த பல நாடாக்களில் காந்தத்துகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். அப்படியே ஓட்டினால் துகள் உரிந்து கருவியில் ஒட்டிக்கொள்ளும், பாட்டு போய்விடும். அதனால் நாடாவைச் சுமார் 50 பாகை வெப்பத்தில் மணிக்கணக்கில் காயவைப்பார்கள். கொஞ்ச காலத்துக்கு அது ஓடும் நிலைக்கு வரும். அதற்குள் கணினியில் ஏற்றிவிட வேண்டும்.

அதன்பிறகு வருவது ரசனை. கலவை என்பது முடிவுகளின் தொகுப்பு. ‘டார்க் சைடு’ ஆல்பத்தின் முதல் கலவையின்போதே குழுவில் கருத்து வேறுபாடு இருந்தது. ரோஜர் வாட்டர்ஸும் நிக் மேசனும் எதிரொலி இல்லாத வறண்ட ஒலியை விரும்பினார்கள். டேவிட் கில்மோரும் ரைட்டும் எதிரொலி ததும்ப வேண்டும் என்றார்கள். இரு தரப்புக்கும் நடுவராகக் கிறிஸ் தாமஸ் என்பவரை அழைத்து வந்தார்கள். சுற்றொலியில் இந்தக் கேள்விகள் பெருகுகின்றன. கிட்டாரைப் பின்னால் வைக்கலாமா? ஆல்பத்தில் வரும் பாடகி கிளேர் டோரியின் சொல்லற்ற குரல் எதிரே நிற்க வேண்டுமா, அறையை நிறைக்க வேண்டுமா? பாடல்களுக்கு நடுவே வரும் பேச்சுத் துணுக்குகள் யார் காதோரம் பேச வேண்டும்?

இந்தக் கலையில் பெயர் வாங்கியவர் இங்கிலாந்தின் ஸ்டீவன் வில்சன். கிங் கிரிம்சன், ஜெத்ரோ டல், யெஸ் ஆகிய குழுக்களின் பழைய ஆல்பங்களைச் சுற்றொலிக்குக் கொண்டுவந்தார். முதலில் பழைய ஸ்டீரியோ கலவையைக் கூடியவரை அப்படியே மறுபடி கட்டியெழுப்பி, அதன் நியாயத்தைப் புரிந்துகொண்ட பிறகே ஒலிகளைப் பரப்புவது அவர் பாணி. ஒலி சுழல்கிறது என்பதற்காகச் சுழற்றினால் இரண்டாவது முறை கேட்கும்போதே சலித்துவிடும். சத்தம் நகர்வதற்குப் பாட்டுக்குள் ஒரு காரணம் இருக்க வேண்டும். ‘மணி’யின் நாணயங்களுக்கு அந்தக் காரணம் இருக்கிறது: அவை தாளத்தோடு நடக்கின்றன.

ஸ்பீக்கருக்குப் பதில் முகவரி

2012-இல் திரையரங்குகளுக்கு வந்த டால்பி ஆட்மாஸ், சிந்தனையை மாற்றியது. அதுவரை ‘இந்தச் சத்தம் பின் இடது ஸ்பீக்கருக்கு’ என்று தடம் பிரித்தார்கள். ஆட்மாஸில் சத்தத்தோடு அதன் இட அளவுகளும் கூடவே எழுதப்படும்: இவ்வளவு இடம், இவ்வளவு பின்னால், இவ்வளவு உயரம். ஸ்பீக்கர் ஐந்தா, அறுபதா என்பதைப் பார்த்து, எந்த ஸ்பீக்கர் எவ்வளவு ஒலிக்க வேண்டும் என்று கணக்குப் போடுவது அந்தந்த இடத்திலுள்ள கருவியின் வேலை. அதே ஆண்டு டிசம்பரில் வந்த ‘சிவாஜி’ படத்தின் முப்பரிமாண வடிவம் இந்தியாவின் முதல் ஆட்மாஸ் படமானது. ‘டார்க் சைடு’ ஐம்பதாம் ஆண்டில், 2023-இல், கத்ரியின் கையாலேயே ஆட்மாஸுக்கு வந்தது.

இப்போது பலர் ஆட்மாஸ் கேட்பது ஹெட்ஃபோனில். இரண்டே இரண்டு ஒலிவாய். ஆனாலும் பின்னால் கேட்கிறது. காதுமடலும் தலையும் ஒலியில் செய்யும் மாற்றங்களை முன்கூட்டியே கணக்கிட்டு, பாட்டில் கலந்து அனுப்புகிறார்கள். சிக்கல் என்னவென்றால் அந்தக் கணக்கு ஒரு சராசரிக் காதுக்கானது. உங்கள் மடலின் மேடு பள்ளம் வேறு. அதனால் ஒருவருக்கு எதிரே நிற்கும் பாடகர் இன்னொருவருக்குத் தலைக்குள்ளேயோ பிடரியிலோ பாடுவார். தலை திரும்புவதைக் கண்டறிந்து ஒலியை எதிர்த்திசையில் நகர்த்தும் ஹெட்ஃபோன்களில் இந்தக் குழப்பம் கணிசமாகக் குறைகிறது.

நீலசந்திரா அறையின் இயற்பியல்

ஹெட்ஃபோன் வேண்டாம், ஸ்பீக்கரில்தான் கேட்பேன் என்பவருக்கு முதல் எதிரி, அறையின் சதுரம். பத்தடி என்பது 3.05 மீட்டர். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே அரை அலைநீளம் சரியாகப் பொருந்தும் அதிர்வெண்ணில் அறை தானே முழங்கும். கணக்குப் போட்டால் 57 ஹெர்ட்ஸ் வருகிறது. பேஸ் கிட்டாரின் ‘ஏ’ கம்பி 55 ஹெர்ட்ஸ். ஆகவே அந்தக் கம்பியைத் தொடும்போதெல்லாம் பீரோ கதவு அதிரும். மற்ற சுரங்கள் மெலிந்து கேட்கும். நீளமும் அகலமும் சமம் என்பதால் இரு திசைகளின் முழக்கமும் ஒரே இடத்தில் விழுகிறது. உயரமும் பத்தடி என்றால் கேட்கவே வேண்டாம்.

இந்த முழக்கம் சுவரோரத்தில் உச்சமாகவும் அறையின் சரிநடுவில் கிட்டத்தட்ட இல்லாமலும் இருக்கும். எனவே பின்சுவரில் தலை சாய்த்து உட்காராதீர்கள், சரிநடுவிலும் வேண்டாம். பின்சுவரிலிருந்து அறையின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி உட்கார்ந்தால் பேஸ் ஓரளவு சமனாகும். சப்வூஃபரை மூலையில் வைத்தால் முழக்கம் கூடும்; சுவரோரமாகச் சிறிது நகர்த்தி நகர்த்திக் கேட்டுப் பாருங்கள். 80 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் நான்கு மீட்டருக்கு மேல், அறையைவிடப் பெரிது. அந்த ஒலியின் திசை காதுக்குத் தெரிவது கடினம் என்பதால் சப்வூஃபர் எங்கே இருந்தாலும் கடிகாரங்களின் இடம் கெடாது.

ஸ்பீக்கர்கள் எல்லாம் சமதூரத்தில் இருக்க இங்கே இடம் கிடைக்காது. கதவு ஒரு பக்கம், கட்டில் ஒரு பக்கம். ஆம்ப் அமைப்புகளில் ‘டிஸ்டன்ஸ்’ என்று ஒரு பகுதி இருக்கும். பலர் அதைத் திறப்பதே இல்லை. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் காதுக்கும் உள்ள தூரத்தை டேப் வைத்து அளந்து அதில் போட்டால், அருகிலுள்ள ஸ்பீக்கரைக் கருவி அடிக்கு 0.9 மில்லிநொடி வீதம் தாமதப்படுத்தும். ஹாஸ் சொன்ன முந்தும் சண்டை அதோடு தீரும். டைல்ஸ் தரையில் ஒரு ஜமக்காளமும், பக்கச் சுவர்களில் துணி மாட்டிய கொடியோ புத்தக அலமாரியோ இருந்தால் கீச்சொலிகளின் எதிரொலி அடங்கும். ஸ்பீக்கருக்குச் செலவழிக்கும் பணத்தைவிட இந்த அரை மணி நேர வேலை அதிகம் தரும்.

பக்கத்து வீட்டுக்காரரையும் இயற்பியல் கணக்கில் எடுத்தாக வேண்டும். ஒலியைத் தடுக்கும் சுவரின் திறன், அதிர்வெண் பாதியாகும்போது ஏறத்தாழ ஆறு டெசிபல் குறையும். ஆகவே பாடகரின் குரலைச் சுவர் நிறுத்திவிடும், பேஸை விட்டுவிடும். அடுத்த வீட்டுப் பாட்டிக்குக் கேட்பது பிங்க் ஃபிளாய்ட் அல்ல, வெறும் ‘தொம் தொம்’. இரவு சப்வூஃபரை அணைத்துவிடுவது பண்பு மட்டுமல்ல, அறிவியலும்கூட.

நம் நாடாக்கள் எங்கே?

‘டார்க் சைடு’ ஆல்பத்துக்கு நடந்தது தமிழ்ப் பாட்டுக்கு நடக்குமா? அறுபதுகளின் பாடல்கள் பெரும்பாலும் மோனோ. பாடகரும் வாத்தியக் குழுவும் ஒன்றாக நின்று ஒரே மூச்சில் பதிவு செய்தவை. பிரித்து வைத்த தடமே கிடையாது. 1978-இல் வந்த ‘பிரியா’ படத்தின் பாடல்கள்தான் தமிழில் ஸ்டீரியோவின் தொடக்கமாகப் பேசப்படுகின்றன. 1986-இல் ‘மாவீரன்’ 70 மில்லிமீட்டரில் ஆறு தட ஒலியோடு வந்தது. 1995-இல் ‘குருதிப்புனல்’ டால்பி ஒலியோடு வந்தது. பல்தட நாடாக்கள் பெருகிய இந்தக் காலத்துப் பாடல்களுக்குத்தான் உண்மையான மறுகலவை சாத்தியம்.

தடம் இல்லாத பழைய பாடல்களுக்கு இரண்டு வழி. ஒன்று, வாத்தியங்களைப் புதிதாக வாசித்துச் சேர்ப்பது. 2004-இல் வண்ணத்தில் மறுபடி வந்த ‘முகலே ஆஸம்’ என்ற பழைய இந்திப் படத்துக்குப் பழைய குரல்களை மட்டும் வைத்துக்கொண்டு இசையை நௌஷாத், உத்தம் சிங் மேற்பார்வையில் மறுபடி பதிவு செய்தார்கள். இன்னொன்று, கணினியைக் கொண்டு பிரிப்பது. பீட்டில்ஸின் ‘ரிவால்வர்’ 1966-இல் நான்கு தட நாடாவில் பதிவானது; ஒரே தடத்தில் டிரம்மும் பேஸும் கிட்டாரும் கலந்திருந்தன. திரைப்பட இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் குழு உருவாக்கிய இயந்திரக் கற்றல் முறையால் அவற்றைப் பிரித்தெடுத்து, ஜைல்ஸ் மார்ட்டின் 2022-இல் புதுக் கலவை செய்தார். பொறுக்க முடியாது என்றிருந்த உளுந்தைக் கணினி ஓரளவு பொறுக்கத் தொடங்கிவிட்டது. ஆனால் அதற்கும் நல்ல மூலப்பதிவு கையில் இருக்க வேண்டும். தேய்ந்த கேசட்டிலிருந்து எடுத்த பிரதியைக் கொடுத்தால் அது பிரிப்பது தேய்மானத்தைத்தான்.

நாடாவுக்கு ஈரம் பகை. சென்னையின் கடற்காற்று வருடம் முழுவதும் ஈரம் சுமந்தது. எழுபது, எண்பதுகளின் தமிழ்ப் பாடல் நாடாக்கள் ஒலிப்பதிவுக் கூடங்களிலும், இசை நிறுவனங்களின் கிடங்குகளிலும், இசையமைப்பாளர்களின் வீடுகளிலும் இருக்கின்றன என்றால், அவற்றின் பசை இந்த நிமிடமும் இளகிக்கொண்டிருக்கும். திரைப்படச் சுருள்களைக் காக்க 1964-இல் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் வந்தது. தமிழ் அச்சுப் பிரதிகளைக் காக்கச் சென்னையில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது. பல்தட ஒலிநாடாக்களுக்கும் அதே அக்கறை தேவை. உரிமை வைத்திருக்கும் நிறுவனங்கள் முதலில் எந்தப் பாட்டின் நாடா எங்கே இருக்கிறது என்று பட்டியல் எடுக்கட்டும். அடுத்து அவற்றைக் கணினியில் ஏற்றட்டும். கலவை எப்போது, யார் செய்வது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஸ்பீக்கரும் ஆட்மாஸும் எந்தக் காலத்திலும் கடையில் கிடைக்கும். உரிந்து கொட்டிய நாடாவிலிருந்து எந்தக் கடையிலும் பாட்டு வாங்க முடியாது.